மூச்சு விட இடமில்லாத பாட்டு

"பாட்டு அழகாக இருக்கிறது தாமரைச்செல்வி. ஆனால் பாடுகிறவர்கள் எங்கே மூச்சு விடுவார்கள்?"

எலேனின் மின்னஞ்சல் இப்படித்தான் தொடங்கியது. பிரான்சில் நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு ஒன்றை நடத்துகிறவள் அவள். என் பாட்டுகள் சிலவற்றை ஏற்கெனவே பாடியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சுர்ரென்று வந்தது. காலமெல்லாம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு, மனுஷனுக்கு மூச்சு வேண்டும் என்று சொல்லித்தர ஆள் வந்துவிட்டாள்! கணினியை மூடிவிட்டுப் போய்க் காலையில் வைத்த குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு வந்து பாட்டை மறுபடி போட்டுக் கேட்டால், அவள் சொன்னது சரி. முதலிலிருந்து கடைசிவரை ஓர் இடத்தில்கூட நிறுத்தமே இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டுமாம். முடியாவிட்டால் இந்த நிகழ்ச்சியில் என் பழைய பாட்டு ஒன்றையே பாடிவிடுவார்களாம்.

என் வேலை என்னவென்று கோட்டுச்சேரியில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. கோரஸ் எழுதுகிறேன் என்றால், "சினிமாப் பாட்டுல பின்னாடி லாலலான்னு வருமே, அதா டீச்சர்?" என்பார்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரல்கள் நான்கு வழியில் போய் ஓர் இடத்தில் கூடுவது என்று சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள். புதுச்சேரியில் கல்லூரி படித்தபோது, விடுதிக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் ஆள் பற்றாமல் என்னையும் பாடச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பிடித்த பைத்தியம் இது. பள்ளிப் பிள்ளைகளை வைத்தும் முயன்றேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் நான்கு வரிசையும் ஒரே மெட்டுக்கு வந்துவிடும். "அவ வேற மாதிரி பாடுனா டீச்சர், நாமதான் தப்பா பாடுறோம்போலன்னு மாத்திக்கிட்டேன்" என்பாள் ஒருத்தி. சேர்ந்து பாடுவது என்றால் ஒன்றையே பாடுவது என்றுதான் எங்கள் ஊருக்குத் தெரியும். அதனால் எழுதியதையெல்லாம் கணினியைப் பாடவைத்துத்தான் கேட்பேன். அது எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் 'ஆ' என்றுதான் பாடும்.

எலேனுக்கு என் பாட்டுகளில் பிடித்ததே நிறுத்தங்கள்தான். எல்லாக் குரலும் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்பாராத இடத்தில் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரு நிகழ்ச்சியின் அறிமுகத் தாளில் என் மௌனங்களைப் பற்றி ஒரு பத்தியே எழுதினாள். தியானம், கிழக்கின் ஞானம் என்று என்னென்னவோ. நான் மறுக்கவில்லை. என்னவென்று மறுப்பது? வீட்டுக்காரர் டீ குடிக்க வந்தார் என்றா?

உண்மை அதுதான். என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரத்துக்கு மின்துறையில் வேலை. நேரங்காலம் இல்லாமல் வருவார். எங்கள் கேட்டுக்கு வெளியிலிருந்து கையை விட்டாலே தாழ்ப்பாள் எட்டும். ஆனால் திறக்கமாட்டார். அதை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு நிற்பார். நான் வாய்விட்டுப் பாடிப் பாடித்தான் எழுதுகிறவள். பாதி வரியில் "இருங்க, வர்றேன்" என்று கத்திவிட்டு எழுந்து போவேன்.

"கைய விட்டுத் திறந்துக்கிட்டு வந்தா என்ன?"

"நீ வந்து திறந்தாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

இந்தப் பதிலுக்கு எங்கே கோபப்படுவது? திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடினால், எழுந்து போன நேரம் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். நன்றாகவும் இருக்கும். அப்படியே விட்டுவிடுவேன். ஒரு பாட்டையாவது இந்த மனுஷன் தொந்தரவு இல்லாமல் எழுதிப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

போன தையில், மீன் வாங்கப் போன இடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழவில்லை.

அதற்குப் பிறகு எழுதிய முதல் பாட்டு இது. கோட்டுச்சேரிமேட்டில் படகெல்லாம் கடலுக்குப் போன பின் கரை எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். அவருக்காக எழுதினேன், எலேனிடம்கூடச் சொல்லவில்லை. உட்கார்ந்தால் யாரும் கூப்பிடவில்லை, எழ வேண்டியிருக்கவில்லை, ஒரே மூச்சாக ஓடியது. ஆசைப்பட்ட தொந்தரவில்லாத வீடு கிடைத்துவிட்டது. அதைப்போல ஒரு கொடுமையை நான் பார்த்ததில்லை.

திருத்த உட்கார்ந்தேன். எங்கே நிறுத்தினாலும் பாடுகிறவர்கள் வரியை மறந்துவிட்டு முழிப்பதைப் போலவே கேட்டது. இந்தப் பாட்டு போனால் அவருக்கென்று நான் செய்த ஒன்று யார் வாயிலும் வராமல் கணினியின் 'ஆ'வோடு முடிந்துவிடும். அதைவிடப் பெரிய பயம், இனி எனக்கு எழுதவே வராதோ என்பது. வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். செல்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு பாடினேன். அது அடித்ததும் "இருங்க, வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆனாலும் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, காலித் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். அலாரம் எப்போது அடிக்கும் என்று வைத்தவளுக்குத் தெரியாதா? என்னை நானே ஏமாற்ற முடியவில்லை.

பக்கத்து வீட்டுக் கமர் நிஷா மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் மகன் துபாயில் இருக்கிறான். முன்பெல்லாம் நாளைக்கு நாலு தடவை வருகிறவள்.

"இப்பல்லாம் ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல நிஷா?"

"நீங்க எழுதிக்கிட்டு இருப்பீங்க டீச்சர். அண்ணன் போனதுலேர்ந்து அது ஒண்ணுதானே உங்களுக்கு ஆறுதல். எதுக்கு வந்து தொந்தரவு பண்ணிக்கிட்டுன்னுதான் இருக்கேன். தெருப் புள்ளைங்களையும் உங்க கேட்டுக்கிட்ட விளையாடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தெருவே சேர்ந்து எனக்கு நல்லது செய்துகொண்டிருந்தது. தயவுசெய்து தொந்தரவு பண்ணு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. எந்த மனுஷி அப்படிக் கேட்பாள்? சிரித்துவிட்டு உள்ளே வந்தேன்.

வியாழக்கிழமை தோற்றேன். எந்த முடிவானாலும் உச்சரிப்புப் பதிவு ஒன்று வேண்டும் என்று எலேன் கேட்டிருந்தாள். தமிழ் தெரியாதவர்கள் நான் சொல்வதைக் கேட்டுத்தான் சொற்களைப் பழகுவார்கள். செல்பேசியை மேசைமேல் வைத்து, பதிவை ஓடவிட்டு, தாளத்தோடு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "படகெல்லாம் போன பின்னே, கரை மட்டும்..." என்றபோது வெளியே தாழ்ப்பாள் ஆடியது. இரண்டு ஆட்டு.

"இருங்க, வர்றேன்!"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் போய்த் திறந்தேன். கமர் நிஷா, கையில் இறால் வைத்துப் பொரித்த வாடாத் தட்டோடு.

"சூடா இருக்கு, சாப்புடுங்க. அடுப்புல எண்ணெ காயுது, வர்றேன்" என்று தட்டைக் கொடுத்தவள், இரண்டடி போய்த் திரும்பினாள். "எத்தனை மாசமாச்சு டீச்சர், உங்க 'வர்றேன்' சத்தம் வெளிய கேட்டு."

தட்டோடு வந்து உட்கார்ந்து, "...விழித்திருக்கும்" என்று வரியை முடித்தேன். மீதியையும் சொன்னேன். என் குரலை நானே கேட்கப் பிடிக்காததால் கேட்டுப் பார்க்காமலே அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "திருத்த முடியவில்லை. பழைய பாட்டையே பாடுங்கள். பதிவை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்." பிறகு வாடாவைத் தின்றேன். அழுதுகொண்டே தின்றாலும் வாடா ருசியாகத்தான் இருந்தது.

திங்களன்று எலேனிடமிருந்து ஒத்திகைப் பதிவு வந்தது. "திருத்த முடியவில்லை என்று எழுதிவிட்டு, திருத்தத்தைக் குரலில் அனுப்பியிருக்கிறீர்களே! எங்களுக்குப் புரிந்துவிட்டது."

என்ன புரிந்தது இவளுக்கு என்று போட்டுக் கேட்டேன். "படகெல்லாம் போன பின்னே, கரை மட்டும்" என்று நான்கு குரலும் ஏறி வந்து சட்டென்று நின்றன. பிறகு ஒருவர் பின் ஒருவராக, பெண்களும் ஆண்களும், பிரெஞ்சு நாக்கில், தாழ்ந்த குரலில், "இருங்க, வர்றேன்... இருங்க, வர்றேன்..." என்றார்கள்.

யாரென்றே தெரியாத நாற்பது பேர் என் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு மௌனம். அது எவ்வளவு நேரம் என்று என் கால்களுக்குத் தெரியும். கேட்டுவரை போய்த் திறந்துவிட்டு வருகிற நேரம். அது முடிந்ததும் "விழித்திருக்கும்" என்று கீழ்க்குரல் பெண்கள் மெல்லத் தொடங்கினார்கள். மூச்சு நிறைய இருந்தது அவர்களிடம்.

அஞ்சலின் கடைசியில் எலேன் கேட்டிருந்தாள்: "அந்தச் சொற்கள் மூலத்தாளில் இல்லையே, என்ன அர்த்தம்? அதற்கு மெட்டு உண்டா, பேசுவது போதுமா?"

வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினேன். "மௌனம் அப்படியே இருக்கட்டும். அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள். அது பாட்டில் சேர்ந்ததில்லை. வீட்டில் சொல்வது."

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி; கணினியில் நேரலையாகப் பார்க்க எலேன் ஏற்பாடு செய்திருந்தாள். அங்கே மதியம், இங்கே பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு முடிந்த நேரம். கமர் நிஷாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கணினியின் சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். நாற்பது பேரும் கறுப்பு உடையில் நின்றார்கள். அலைபோலத் தொடங்கி, ஏறி, "கரை மட்டும்" என்று வந்து நின்றார்கள். எலேனின் கை அந்தரத்தில் நின்றது. அந்த மண்டபத்தில் ஓர் இருமல்கூட இல்லை.

"இருங்க, வர்றேன்" என்றேன்.

எழுந்து போனேன். தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டை அகலத் திறந்தேன். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. அவர் உள்ளே வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் ஒதுங்கி நின்றேன். பிறகு கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். நான் நாற்காலியில் உட்காரவும் அவர்கள் "விழித்திருக்கும்" என்று தொடங்கவும் சரியாக இருந்தது.