பொம்மைக்குப் போட்ட சட்டை

வாமதேவன் காரணமில்லாமல் யாரையும் எங்கும் கூட்டிக்கொண்டு போகிறவர் அல்ல. அது தெரிந்திருந்தும், நவம்பர் குளிரில் செவன் கிங்ஸ் திடலில் நடக்கும், கார்த்திகையில் கோயிலில் கொளுத்தும் சொக்கப்பனை போன்ற அந்த வெள்ளைக்காரத் திருவிழாவுக்கு வரச் சொன்னபோது சிவனேஸ்வரி மறுக்கவில்லை. மறுக்கிற இடத்தில் அவள் இல்லை. வாமதேவன் அவள் கணவனின் அண்ணன். இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வீட்டு மேலறையில்தான் அவளும் மகன் மிதுலனும் இருக்கிறார்கள்.

கணவன் ஆனந்தராஜா, வன்னியில் யுத்தம் முடிந்த வாரம் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போகப்பட்டவன். திரும்பவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லவுமில்லை. மிதுலன் அப்போது கைக்குழந்தை. அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒருநாளும் பொட்டில்லாமல் வாசல் தாண்டியதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது வாமதேவனின் மகள் சாருஜாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சாதகத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவின் காரியம் செய்தாயிற்றா?

"உடம்பு கிடைக்காட்டில் என்ன? தர்ப்பையில உருவம் செய்து, மகன் கொள்ளி வைச்சால் சரியாம்," என்றார் வாமதேவன்.

"அவர் இருக்கிறார் அத்தான். இருக்கிற மனுசனுக்குச் செய்ய ஏலாது."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேதை, அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தாள்.

திடலில் கால் வைக்க இடமில்லை. நடுவில் வீட்டளவு உயரத்துக்குப் பலகைகளை அடுக்கியிருந்தார்கள். உச்சியில் ஒரு வைக்கோல் பொம்மையை இருத்தி எரிப்பதுதான் விழா. என்றோ அரசனுக்குச் சதி செய்த ஒருவனை வருஷா வருஷம் இப்படி எரிக்கிறார்கள். இத்தனை நூறு வருஷம் கோபத்தைப் பொத்தி வைத்திருக்கிற ஊரில் தான் ஒருத்தனுக்காகக் காத்திருப்பது மட்டும் பைத்தியமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தீ மூட்டுகிற ஆளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுதான் அங்கே வழக்கம். இந்த முறை குலுக்கவில்லை. ஒலிபெருக்கியில் விழாச் செலவை ஏற்ற வாமதேவனின் கடைப் பெயரைச் சொன்னார்கள். அடுத்ததாக மிதுலனின் பெயரைச் சொன்னார்கள். பெடியன் துள்ளிக்கொண்டு ஓடினான். அவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது.

"பொம்மையும் எங்கட அன்பளிப்புத்தான்," என்றார் வாமதேவன்.

அதைத் தள்ளுவண்டியில் வைத்து, மேளமடித்துக் கூட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கை நீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் வந்தபோதுதான் அவள் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. சட்டைப்பை சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. யுத்தத்தில் பதுங்கியிருந்த பங்கருக்குள் நீல நூல் இல்லாததால், இருந்த நூலால் அவளே தைத்தது. அலுமாரியில் பையில் சுற்றி, துவைக்காமல், ஆனந்தராஜாவின் வாசம் போய்விடக் கூடாதென்று வைத்திருந்த சட்டை.

"ஐயோ, அது அவற்ர சட்டை!" என்று பாய்ந்தாள். வாமதேவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பிடி.

"நெஞ்சுக்குள்ள தர்ப்பை வைச்சுத்தான் கட்டினனான்," என்றார் மெதுவாக. "குறையொண்டும் வைக்கேல்லை."

பொம்மையை ஏணி வைத்து மேலே ஏற்றினார்கள். கம்பி வேலிக்கு அப்பால் மிதுலன் தீப்பந்தத்தோடு நின்றான்.

"மிதுலன்! வேண்டாம் ராசா! வையாதை!"

கூட்டம் போட்ட கூச்சலில் அவள் வாயசைவு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அம்மா தனக்காகத்தான் கத்துகிறாள் என்று நினைத்து, சிரித்தபடி கையசைத்தான். பிறகு குனிந்து பந்தத்தை வைத்தான்.

சனம் ஆர்ப்பரித்தது. நெருப்பு பலகை பலகையாக ஏறிச் சட்டையைப் பிடித்தது. வைக்கோல் ஆளுக்கு எரிய எவ்வளவு நேரம் வேண்டும்? அவள் மூச்சுவிட மறந்து நின்ற நேரத்துக்குள் மேலே ஒன்றுமில்லை.

வாமதேவனின் மனைவி கைப்பையிலிருந்து ஈரக் கடதாசியொன்றை எடுத்து அவள் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி, வெகு இயல்பாக.

"முடிஞ்சுது. வீட்டை போய் முழுகுங்கோ," என்றார் வாமதேவன். "பெடியனுக்குச் சொல்லுறதெண்டால் நீங்களே சொல்லுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

அவள் சொல்லமாட்டாள் என்பது அந்தச் சண்டாளனுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு நீதான் கொள்ளி வைத்தாய் என்று எந்தத் தாய் சொல்வாள்?

மிதுலன் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். முகமெல்லாம் புகைக்கரி.

"அம்மா, பாத்தனீங்களா? ஒரே தரத்தில பத்தீட்டுது! வீடியோ எடுத்தனீங்களா?" பிறகு உற்றுப் பார்த்தான். "உங்கட பொட்டு எங்க?"

"புகையில கண்ணைத் துடைச்சனான். அழிஞ்சுபோச்சு ராசா."

"பெரியப்பா, நெக்ஸ்ட் இயரும் நானே வைக்கட்டே?"

வாமதேவன் அவன் தோளில் கை போட்டார். "ஓமடா. இனி வருசா வருசம் நீதான் செய்யவேணும்."