உள்ள ஆளு இருக்குது

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் எல்லம்மா வீட்டுக் கழிப்பறை மாதிரி இன்னொன்று கிடையாது. நீலக் கலர் டைல்ஸ், சோப்பு வைக்கத் தனி மாடம், சுவரில் கைகழுவும் குழந்தையின் படம். ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்து, 'முன்மாதிரிக் கழிப்பறை' என்று போர்டும் மாட்டியது. ஒரே ஒரு குறைதான். வீட்டுக்காரர்கள் அதற்குள் போகக் கூடாது.

சாவி, சுகாதாரக் குழுத் தலைவர் கங்காதரனிடம் இருந்தது.

"நீங்க பொழங்கினா அழுக்காயிடும் எல்லம்மா. பார்க்க வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார்.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். எல்லம்மா கதவோரம் நின்று சிரித்தாள், போட்டோ எடுத்தார்கள். அவர்கள் வேன் ஏறியதும் கங்காதரன் பூட்டினார். எல்லம்மா செம்பைத் தூக்கிக்கொண்டு முள்ளுப் புதருக்கு நடந்தாள்.

நாளெல்லாம் ஏரியில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறவளுக்கு அது பழகிப்போனது. மருமகள் கலைவாணியால்தான் முடியவில்லை. நிறைமாதம். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். படகுக்குப் போகிற ஆம்பளைகள் வேறு அந்த வழியாகத்தான் வருவார்கள். அதனால் பகலில் தண்ணீர் குடிப்பதையே அவள் நிறுத்திவிட்டாள். நர்ஸம்மா வந்து, "ஏம்மா, தண்ணி குடிக்கக்கூடவா சோம்பேறித்தனம்?" என்று திட்டிவிட்டுப் போனார்.

எல்லம்மா கங்காதரனிடம் போனாள்.

"அண்ணே, புள்ளத்தாச்சிப் பொண்ணு. அவளுக்காவது தொறந்து வுடுண்ணே."

"நல்ல நேரம் பார்த்துக் கேட்ட போ! ஆப்பிரிக்காவுலேர்ந்து வர்றாங்க. அவங்க கிராமத்துல கக்கூஸை எப்படி சுத்தமா வச்சுக்கறதுன்னு நம்மகிட்ட கத்துக்கப் போறாங்க. அவங்க போவட்டும், பேசிக்கலாம்."

அவர்கள் வருகிற அன்று காலையில் கலைவாணிக்கு வயிறு கலக்கியது. விருந்தாளிகளை அழைத்துவரக் கங்காதரன் சாவியோடு பொன்னேரிக்குப் போயிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளின் முகத்தைப் பார்த்தாள் எல்லம்மா. அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பூட்டின்மேல் போட்டாள்.

"போ கண்ணு. தாப்பா போட்டுக்கோ."

தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு வாசலில் அவள் நின்றபோது வேன் வந்தது. மாலையோடு இறங்கிய கங்காதரன் உடைந்த பூட்டைப் பார்த்தார்.

"இன்னா எல்லம்மா இது?"

"உள்ள ஆளு இருக்குது."

"யாரு?"

"வூட்டுக்காரங்கதான்."

"அய்யய்யோ, மலாவி நாட்டுலேர்ந்து வந்திருக்காங்க! வெளிய வரச் சொல்லு!"

"வந்தவங்க நெழல்ல குந்தட்டும். அவளுக்குத்தான் அவசரம்."

கழிப்பறையை ஒருவர் உபயோகிக்கிறார் என்ற அவமானத்தைக் குழு உறுப்பினர்கள் தலைகுனிந்து தாங்கிக்கொண்டார்கள். மஞ்சள் துணியால் தலையைக் கட்டியிருந்த விருந்தாளி அம்மா ஏதோ கேட்டார். நிறுவனத்துப் பெண் பெனிட்டாவுக்கு அவசரத்தில் பொய் வரவில்லை. உண்மையை இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அந்த அம்மா வேன் மீது கைவைத்துச் சிரித்தார்.

"அவங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்காம்" என்றாள் பெனிட்டா. "அங்கயும் பூட்டுதானாம்." அந்த அம்மா அவள் காதில் இன்னும் ஏதோ சொன்னார். பெனிட்டா எல்லம்மா பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப தூரம் வந்திருக்காங்க. அடுத்து அவங்க போலாமான்னு கேக்குறாங்க."

"தாராளமா போவச் சொல்லும்மா. தண்ணி ரொப்பி வைக்கிறேன்."

கலைவாணி கதவைத் திறந்தாள். எதிரே மாலையும் கேமராவுமாக ஒரு கூட்டம். வெட்கத்தில் நிலைதடுமாறியவளின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அந்த அம்மா உள்ளே போனார்.

குழு கூடி, உபயோகப்படுத்தப்பட்டுவிட்ட காரணத்தால் எல்லம்மா வீட்டுக் கழிப்பறைக்கு இனி முன்மாதிரி என்ற தகுதி இல்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தது. போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கங்காதரன் அவளோடு பேசுவதில்லை. அவளும் அதைப் பெரிய நஷ்டமாக நினைக்கவில்லை.

கலைவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாளும் இப்போது இங்கேதான் வருகிறாள். உள்ளே போனால் லேசில் வெளியே வரமாட்டேன் என்கிறாள் என்று எல்லம்மாவுக்கும் அவளுக்கும் காலையில் ஒரே சண்டை.