லார்க்மாஸ்காரர்கள்

மே மாதத்தில் போன மழை ஆகஸ்ட் வந்தும் திரும்பவில்லை. கோல்ட்பெக் பள்ளத்தாக்கின் புல்லெல்லாம் பழுத்துப்போய், வைக்கோல் நிறச் சரிவில் ஆடுகள் எங்கே நிற்கின்றன என்றே தெரியவில்லை. இங்கிலாந்தின் வடக்கில் பிறந்தவர்கள் வெயிலை நம்பமாட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவர்களும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, கனவில் நடப்பவர்களைப் போலத் தெருவில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

பால் லாரி ஓட்டுகிறவள் ஹெஸ்டர். விடிந்ததும் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரை வழியாக நகரத்துக்கு இறங்குவாள். ஒருநாள் வளைவில் திரும்பியபோது ஏரிமேல் வெள்ளை மூடுபனி படுத்திருந்தது. அதற்கு நடுவே ஒரு புகைக்கூண்டு நின்றது. கீழே வீடில்லை, கூரையில்லை. பனிமேல் மிதக்கிற கல் புகைக்கூண்டு மட்டும்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். அந்த வீட்டை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தப் படியில் கால் வைத்தால் கிறீச்சிடும் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

அது லார்க்மாஸ் பண்ணை. கீழே நெசவாலை நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று முப்பத்திநாலில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை அணைபோட்டு மூழ்கடித்தார்கள். பண்ணையில் இருந்த ஏனோக் லார்க்மாஸும் அவர் மனைவி மார்த்தாவும் மேட்டில் ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளை இல்லை. யுத்தம் வந்தபோது, குண்டு விழுகிற துறைமுக நகரத்திலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஒன்று அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கோட்டில் 'ஹெஸ்டர் பெல், வயது மூன்று' என்று அட்டை தொங்கியது. அடுத்த வசந்தத்தில் அவள் தாய் தகப்பன் இருந்த தெருவே இல்லாமல் போயிற்று. யாரும் அவளைத் திரும்பக் கேட்டு வரவில்லை.

தூங்காத குழந்தைக்கு மார்த்தா தண்ணீருக்கடியில் இருக்கிற வீட்டைச் சொல்லித் தூங்கவைத்தாள். நீலச் சுண்ணாம்பு அடித்த சமையலறை. அங்கிருந்து இரண்டு படி இறங்கினால் குளுகுளுவென்று பால் அறை. 'வாசலை விட்டு வந்தா மதிலைத் தொட்டுக்கிட்டே நட கண்ணு. புல்லு பச்சையா அழகா இருக்குற பக்கம் போயிடாத.' ஹெஸ்டர் மதிலைத் தொட்டபடியே எத்தனையோ இரவு தூக்கத்துக்குள் போயிருக்கிறாள். மார்த்தா போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்குமேல் ஆகிறது.

ஊரார் அவளை ஹெஸ்டர் லார்க்மாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். லைசென்சில் மட்டும் பெல். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் யாரோ அவள் தோளைத் தட்டி, 'இது உன் இடமில்லையே அம்மா' என்பதுபோல் இருக்கும்.

புகைக்கூண்டு தெரிந்த அந்த வாரம்தான் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற டாஸ்மேனியாத் தீவிலிருந்து ஒருவர் வந்தார்.

சாயங்காலம் மதுக்கடைக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றி, "என் பேரு மெர்வின் லார்க்மாஸ்" என்றார். செம்மறி வியாபாரி ஆல்ஃப் மெட்காஃப் குவளையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு லார்க்மாஸா? கடைசி ஆளு ஏனோக்குதான்னு நினைச்சோமே. மீதிப் பேரெல்லாம் கல்லறைத் தோட்டத்துல படுத்திருக்காங்க, போய்ப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றார் மெர்வின். "எங்க பக்கம் அப்படியில்லைங்க. ஹுவான் ஆத்தோரமா கல்லெறிஞ்சா ஒரு லார்க்மாஸ் மேல படும். தப்பிச்சா அவன் நாய் மேல படும். எங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா இங்கேயிருந்துதான் கப்பலேறினார். உலகத்துல இந்தப் பேரு இருக்கறதே ரெண்டு இடத்துலதான். எங்க ஆப்பிள் தோட்டத்துல, அப்புறம் உங்க பள்ளத்தாக்குல."

"எதுக்குக் கப்பலேறினாராம்? அந்தக் காலத்துல திருடனுங்களத்தானே அங்க நாடு கடத்துனாங்க. ஆடு திருடியா?"

"ஆடு இல்ல. குதிரை."

கடை சிரித்துத் தீரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆல்ஃபே அவரை ஏனோக் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஏனோக்குக்கு எழுபத்திநாலு வயது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்குமேல் செலவழிக்காதவர். அவர் அன்றைக்கு மார்த்தாவின் நாற்காலியை இழுத்து விருந்தாளிக்குப் போட்டார். அவள் போனபின் அதில் பூனையைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. ஹெஸ்டர் தேநீரை ஊற்றினாள், கொஞ்சம் தட்டில் சிந்தியது.

மெர்வின் நல்ல மனிதர். ஐம்பதை நெருங்குகிறவர், மனைவியை இழந்தவர், காது இரண்டும் வெயிலில் சிவந்து உரிந்திருந்தன. சுற்றிச் சுற்றிப் பேர்க் கதைதான் பேசினார். "லார்க்குன்னா வானம்பாடி. மாஸ்னா பாசி. பாசிக்குள்ள கூடு கட்டுற வானம்பாடி! என்ன ஒரு பேரு, இல்லையா? எங்க வீட்டு வாசல்ல அதையே செதுக்கி வெச்சிருக்கோம்." பிறகு பிரியத்தோடு ஹெஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க எந்தக் கிளைம்மா? ஏனோக்குக்குத் தம்பி பொண்ணா?"

ஏனோக் குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. ஹெஸ்டர், "நான் கிளையில்லைங்க. சண்டை சமயத்துல காத்துல வந்து விழுந்த இலை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பின்கட்டில் தண்ணீர் வாளியில் கைகளை முக்கியபடி வெகுநேரம் நின்றாள். நாற்பதை எட்டப்போகிறவள் ஒரு நாற்காலிக்காகப் பொறாமைப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பண்ணையைப் பார்க்கப் போனார்கள். அதற்குள் ஏரி சுருங்கி அணையோரம் ஒரு தகடாகக் கிடந்தது. மற்றதெல்லாம் பாளம் பாளமாக வெடித்த சாம்பல் நிறத் தரை. வெயிலில் காற்று நெளிந்தது. பழைய வண்டிப்பாதை, அதன் இருபுறத்து மதில்கள், ஒரு சிறிய பாலம், அடியில் ஓடாத ஓடை. நாற்பது வருஷம் தண்ணீருக்குள் தூங்கிய ஊர் விழித்தும் விழிக்காமலும் படுத்திருந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. தங்கள் காலடியே வேறு யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது.

வீட்டுக்குக் கூரையில்லை. சுவர்கள் இடுப்புயரம். உள்ளே நுழைந்த ஹெஸ்டர் எதையும் யோசிக்கவில்லை. சமையலறையைக் குறுக்கே கடந்து, இடதுபுறம் திரும்பி, மண் மூடி சமதரையாய்த் தெரிந்த இடத்தில் கவனமாக ஒருகால் தாழ்த்தி வைத்தாள். மண் நொறுங்கி உள்ளே போயிற்று. கீழே படி இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று.

ஏனோக் வாசலிலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரின் ஒரு மூலையில் விரலகலத்துக்கு நீலம் ஒட்டியிருந்தது. ஹெஸ்டர் அதைத் தொடப் போனபோதுதான் வெளியே மெர்வின் கத்தினார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் மட்டும் பச்சையாக இருந்தது. சுற்றிலும் சாம்பலாய்க் கிடக்க, அது மட்டும் மெத்தைபோல் பளபளத்தது. பாசி, தன் பேரில் இருக்கும் பாசி, என்று மெர்வின் ஆசையாய் அதைப் படமெடுக்கப் போயிருக்கிறார். இப்போது தொடைவரை சேற்றுக்குள் இருந்தார். காமிராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அசையாதீங்க!" என்று ஹெஸ்டர் ஓடினாள். மதிலைத் தொட்டுக்கொண்டே ஓடினாள். "மெர்வின், கால உதைக்காதீங்க. உதைச்சா இன்னும் இழுக்கும். பின்னால சாஞ்சு படுங்க. தண்ணியில மல்லாக்கப் படுப்பீங்கள்ல, அந்த மாதிரி."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா!"

"இது தண்ணி இல்ல, படுங்க!"

சேறு இடுப்புக்கு ஏறியது. இரண்டாயிரம் ஆப்பிள் மரத்துக்குச் சொந்தக்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஹெஸ்டர் சுற்றிப் பார்த்தாள். பண்ணைக் கதவு ஒன்று மதிலோடு சாய்ந்து கிடந்தது, ஓக் மரம், தண்ணீரில் ஊறிக் கறுத்தது. அவளும் ஏனோக்குமாக அதைப் பெயர்த்து இழுத்துவந்து பச்சையின்மேல் படுக்கப் போட்டார்கள். ஹெஸ்டர் அதில் குப்புறப் படுத்து நீந்துவதுபோல் முன்னேறி, மெர்வினின் அக்குள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். கிழவர் கதவின் கடைசியில் பாரத்துக்காக உட்கார்ந்தார்.

"மெதுவா. ஒரு கால மட்டும் ஆட்டுங்க, சுண்டெலி அளவுக்கு" என்றாள் ஹெஸ்டர்.

நேரம் உருகி ஓடியது. மெர்வின் பயத்தில் பேசிக்கொண்டே இருந்தார். "பாசின்னு நினைச்சேன். ஏனோக், மாஸ்னா பாசிதானே?"

"புத்தகத்துல பாசி" என்றார் ஏனோக். "எங்க பக்கம் மாஸ்னா சேறு. லார்க்கும் பறவையில்ல. லெய்க்குன்னு சொல்லுவோம், விளையாட்டுன்னு அர்த்தம். மனுஷங்கள வெச்சு விளையாடுற சேறு. எவனோ ஒரு பாதிரி தெக்கேயிருந்து வந்து, காதுல விழுந்தத வானம்பாடியாக்கி எழுதிட்டான்."

"எங்க வாசல்ல பறவையச் செதுக்கி வெச்சிருக்கோமே!"

"அழகாத்தான் இருக்கும். விட்டுடு."

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பிடி தளரும் என்று பல்லைக் கடித்தாள். "வலது கால் வருது. மூச்ச இழுத்து விடுங்க."

"ஏனோக்," என்றார் மெர்வின், "நான் உள்ள போயிட்டா, ஒரே ரத்தம்னு நினைச்சு என்ன இங்கேயே பொதைச்சிடுங்க."

"ஒரே ரத்தமா?" கிழவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியில்ல தம்பி. எங்க தாத்தா பேரு ஜோசுவா பிளாக்கெட். கூலிக்கு வந்த ஆளு. உங்க ஆளுங்க குதிரையோட போனப்புறம் பண்ணை சும்மா கெடந்துச்சு, அவரு குத்தகைக்கு எடுத்தாரு. லார்க்மாஸ்ல இருக்கற ஜோசுவான்னு கூப்பிட்டாங்க. அப்புறம் லார்க்மாஸ் ஜோசுவா. எங்கப்பா பொறந்தப்ப பிளாக்கெட்ட யாருக்கும் ஞாபகமில்ல."

மெர்வின் சேற்றையும் மறந்து வாயைப் பிளந்தார். "அப்ப உங்களுக்கும் எனக்கும் உறவே இல்லையா?"

"இல்ல. அதுக்காக விட்டுட்டுப் போகமாட்டோம்."

"எங்க ஆளுங்களாவது அசல்தானே?"

"யாருக்குத் தெரியும்? அவங்களுக்கு முன்னாடி யாரு இருந்தாங்களோ. யாரு இந்த அடுப்ப மூட்டுனாங்களோ அவங்க லார்க்மாஸ். பேரு வீட்டோடது. நாமெல்லாம் அதுல குடியிருந்தவங்க."

ஹெஸ்டரின் முகம் சேற்றுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஊறிய மரத்தின் வாசனை, பழைய மழையின் வாசனை. அவள் தலை திருப்பவில்லை. திருப்ப முடியாத நிலையில்தான் அதைக் கேட்கவும் முடிந்தது.

"அப்ப நான், மாமா?"

"நீ என்ன?"

"நான் யாரு?"

"இத்தன வருஷமா மேட்டு வீட்டுல அடுப்ப மூட்டுறது யாரு, பூனையா?" என்றார் ஏனோக் எரிச்சலோடு. "இதென்ன கேள்வி. ஆள இழு புள்ள."

அவள் இழுத்தாள். ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு சேறு மெர்வினைத் திருப்பிக் கொடுத்தது. பூட்சுகளை மட்டும் வைத்துக்கொண்டது.

மூவரும் மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஹெஸ்டர் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்தாள். சேறு உடம்பில் காய்ந்து வெளுத்து, மூவரும் அந்த ஏரித்தரையிலிருந்தே எழுந்து வந்தவர்கள்போல ஒரே நிறத்தில் இருந்தார்கள். இப்போது யாராவது பார்த்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று பிரிக்க முடியாது என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது. கழுத்திலிருந்த ஏதோ ஒரு கனம் எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இதுக்குத்தானா கடல் தாண்டி வந்தேன்" என்றார் மெர்வின் கடைசியில். குரலில் வருத்தம்தான் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஊர்ல போய் என்னன்னு சொல்றது? நாப்பது குடும்பம் காத்திருக்கு."

"குடியிருந்தவங்கன்னு சொல்லு" என்றார் ஏனோக். "ரொட்டி இன்னொண்ணு எடுத்துக்கோ."

மெர்வின் ஊருக்குப் போக வேண்டிய நாள் வந்தும் போகவில்லை. வைக்கோல் கட்ட உதவினார், ஆல்ஃபிடம் சீட்டாட்டத்தில் தோற்றார், ஏனோக்கின் பழைய பூட்சுகளில் திரிந்தார். ஒருநாள் தொழுவத்து வாசலில், காது சிவக்க, தன்னோடு வந்துவிடுகிறாயா என்று ஹெஸ்டரைக் கேட்டார். அவளுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

"இந்த மனுஷனத் தனியா விட்டுட்டு வரமாட்டேன். நீங்களும் மரங்கள விட்டுட்டு இருக்கமாட்டீங்க" என்றாள். "எழுதுங்க."

அவர் தலையாட்டினார்.

செப்டம்பரில் மழை திரும்பியது. தொடங்கியதும் நிற்கவேயில்லை. சமையலறையின் நீலம், படிகள், மதில், பாலம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன. மெர்வின் கப்பலேறிய வாரம் புகைக்கூண்டின் உச்சியில் ஒரு நாரை நின்றது. மறுவாரம் நாரை நிற்க இடமில்லை.

நகரத்துப் பால் நிலையத்தில் புதிதாக ஒரு குமாஸ்தா வந்திருந்தார், தெற்கத்திக்காரர். மழையில் நனைந்து வந்து நின்ற ஹெஸ்டரிடம் பேர் என்ன என்று கேட்டார்.

"ஹெஸ்டர் லார்க்மாஸ்."

"அப்படியொரு பேரை நான் கேட்டதேயில்லையே. எப்படி எழுதறது?"

பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. அவள் அவசரப்படவில்லை. ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.