கேட்ட இழுவை

தராசு பழுது பார்ப்பவனைத் தெருவே 'மீட்டர்' என்றுதான் கூப்பிட்டது. அவனுடைய அண்ணனும் அப்படித்தான். மற்றவர்கள் கிண்டலாகக் கூப்பிட்டார்கள், அண்ணன் மட்டும் பெருமையாக. கடைகளில் பொய் சொல்லிப் பழகிய எலக்ட்ரானிக் தராசுகள் அவன் மேசைக்கு வந்தால் ஒழுக்கம் கற்றுக்கொண்டு திரும்பும். அப்படிப்பட்டவன் தன் கையாலேயே ஒரு பொய்த் தராசைச் செய்து சொந்த அண்ணனின் வண்டியில் பொருத்தினான் என்றால் யார் நம்புவார்கள்? செய்தபோது அது அவனுக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. அலங்காரமாகத்தான் தோன்றியது.

அண்ணன் டிரைவர். மலை உச்சியில் நிற்கும் செல்போன் கோபுரத்துக்கு வேலையாட்களையும் டீசல் கேன்களையும் ஏற்றிப்போவது அவர் பிழைப்பு. வண்டி பழையது, நாலு சக்கரமும் இழுக்கக்கூடியது. நல்ல சாலையில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். சறுக்கினால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பின்சக்கரங்களையும் சேர்ந்து தள்ளச் சொல்லும். எப்போது, எவ்வளவு தள்ளுகிறது என்று காட்ட டேஷ்போர்டில் ஒன்றும் கிடையாது. அண்ணனுக்கு அது தேவைப்படவும் இல்லை. "என் முதுகு சொல்லும்டா" என்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவர் விஷயத்தில் அது தலைகீழ். சீட்டில் முதுகு அழுந்துகிற விதத்தை வைத்தே பின்சக்கரம் தள்ளுகிறதா என்று சொல்லிவிடுவார்.

தம்பிக்குத்தான் கை சும்மா இருக்காது. செத்துப்போன தராசு ஒன்றின் பெட்டியை எடுத்தான். முன்சக்கரத்துக்குப் பச்சை, பின்சக்கரத்துக்கு ஆரஞ்சு என்று இரண்டு வரிசை குட்டி விளக்குகளை அதில் பொருத்தினான். கம்ப்யூட்டரிலிருந்து பின்பக்கம் போகும் வயரில் ஒரு கிளை பிரித்து, அதில் வரும் சிக்னலைப் படித்தான். கம்ப்யூட்டர் எவ்வளவு தள்ளச் சொல்கிறதோ அவ்வளவு விளக்கு எரியும். சொன்னபடி சக்கரம் தள்ளியதா என்ற சேதி அந்த வயரில் வராது. அதற்கு அச்சிலேயே தனியாகக் கருவி ஒட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை அவனுக்கு இல்லை. ஆனாலும் தொழில் புத்தி போகுமா? பெட்டியின் மேல் சரியாகத்தான் ஸ்டிக்கர் ஒட்டினான்: 'கேட்ட இழுவை'.

அண்ணி வண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யாரு யாருகிட்ட கேட்டது தம்பி? நானும் இந்த வீட்டுல எவ்வளவோ கேட்டிருக்கேன். ஒரு லைட்டும் எரியலையே."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே 'கேட்ட' என்ற பாதியை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டான். 'இழுவை' மட்டும் மிஞ்சியது. பார்க்கவும் எடுப்பாக இருந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அண்ணன் அந்தப் பெட்டியைக் காட்டினார். "என் தம்பி செஞ்சது. வண்டி செஞ்ச கம்பெனிக்காரனுக்கே தோணல பாருங்க" என்பார். கேட்டவர்கள் தலையாட்டாவிட்டால் இன்னொரு முறை சொல்வார்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார்.

"மீட்டர், மேல ஏறும்போது பின்னாடி தள்ளாத மாதிரியே இருக்குடா. முதுகுல ஒண்ணும் தெரியல."

"லைட்டு எரியுதா?"

"முழுசா எரியுது."

"அப்புறம் என்னண்ணே? முழுசா எரிஞ்சா முழுசா தள்ளுதுன்னு அர்த்தம். சீட்டுல பஞ்சு அமுங்கிப் போயிருக்கும்."

தட்டில் என்ன இருக்கிறது என்று பாராமல், ஒரு கிலோ கேட்டால் ஒரு கிலோ என்று காட்டுகிற தராசை யாராவது கொண்டுவந்திருந்தால் அவன் சிரித்தே விரட்டியிருப்பான். அன்றைக்கு அவனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வேலையிலிருந்து நிமிரவும் இல்லை. அண்ணன் சரி என்று போய், சீட்டுக்குப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்தார்.

அடுத்த வாரமே அது நடந்தது. செங்குத்தான ஏற்றம், முழங்கால் சேறு. ஆட்களை இறக்கி நடக்கச் சொல்லிவிட்டு அண்ணன் தனியாக ஏற்றினார். பின்பக்கம் தள்ளவில்லை என்று முதுகு சொன்னது. ஆரஞ்சு விளக்குகள் எல்லாம் எரிந்தன. பழைய அண்ணனாக இருந்தால் அங்கேயே நிறுத்தி இறங்கியிருப்பார். தம்பியின் விளக்கை நம்பி மிதித்தார். வண்டி பின்னோக்கி வழுக்கி ஓடையில் சாய்ந்தது. வலது முழங்கால் நொறுங்கியது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இழுத்து வந்து வீட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் தம்பி படுத்துப் பார்த்தான். பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் கிளட்சின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கினான். மை மாதிரிக் கறுப்பாக வந்தது, அடியில் பொடிப்பொடியாக இரும்பு. தேய்ந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, கொடுப்பாரைத்தான் காணோம்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கால் ஆறட்டும் என்றான் தனக்குத் தானே. கால் ஆறியதும், நடக்கட்டும் என்றான். கம்பு ஊன்றி நடந்ததும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் இப்படித்தான் பிடிபிடியாகச் சோற்றை அள்ளிப் போடுவார்கள்.

தெருவில், "யானைக்கும் அடி சறுக்கும்" என்று அண்ணனுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். "வண்டி ஒழுங்காத்தான் தள்ளிச்சு. லைட்டு எரிஞ்சுதே. எனக்குத்தான் முதுகு மழுங்கிப்போச்சு" என்பார். தம்பி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் கோபுரத்து சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். தம்பியும் அங்கே இருந்தான்.

"நீங்க ஓட்ட வேண்டாம். புதுசா வந்த டிரைவருங்க பக்கத்துல உக்காந்து வந்தாப் போதும். எங்க ஏறலாம், எங்க நிக்கணும்னு சொல்லுங்க. மாசச் சம்பளம்."

அண்ணியின் முகம் மலர்ந்தது. அண்ணன் தலையை ஆட்டினார்.

"வேண்டாங்க. எனக்கு இப்ப ஒண்ணும் தெரியறதில்ல. போங்கன்னு தப்பாச் சொல்லி யாராவது செத்துட்டா?"

சூப்பர்வைசர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அண்ணி உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள். அதற்கு மேல் தம்பியால் முடியவில்லை.

"அண்ணே, உங்க முதுகு சரியாத்தான் சொல்லிச்சு. அந்த லைட்டு சக்கரம் தள்ளுறதக் காட்டாது. தள்ளச் சொன்னதத்தான் காட்டும். உள்ள கிளட்ச் தேஞ்சு கெடக்கு. நான் பாத்தேன்."

"எப்பப் பாத்த?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"லைட்டு அப்படித்தான்னு எப்பத் தெரியும்?"

"செய்யும்போதே."

அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள். "நான் சிரிச்சதுக்கா தம்பி அந்த ஸ்டிக்கரை எடுத்தீங்க? விளையாட்டாத்தானே சொன்னேன்" என்றாள்.

அண்ணன் கம்பை ஊன்றி எழுந்து நேராக வண்டிக்குப் போனார். தம்பியை ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறினார். காலைத் தூக்கி உள்ளே வைக்க அண்ணி உதவினாள். தம்பி கடையிலிருந்து எடுத்துவந்த பேட்டரியை மாட்டியதும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. வீட்டோரம் ஈரமண். முன்சக்கரங்கள் அதில் இறங்கிச் சுழன்றன. ஆரஞ்சு விளக்குகள் ஒன்றுவிடாமல் எரிந்தன. அண்ணன் அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, முதுகைச் சீட்டில் சாய்த்திருந்தார்.

"தள்ளல" என்றார்.

வெளியே நின்ற அண்ணி குனிந்து பார்த்து, "பின் சக்கரம் அசையவே இல்லங்க" என்றாள்.

தம்பி எஞ்சினை நிறுத்தினான். அண்ணன் திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான்.

"கால் போனது போகட்டும்" என்றார் அண்ணன். "இத்தனை மாசமா என்னையே நான் நம்பாம இருந்தேனேடா."

பிறகு மனைவியிடம் சூப்பர்வைசரைப் போனில் பிடிக்கச் சொன்னார். வேலைக்கும் போனார். இப்போது எவனோ ஒரு புது டிரைவரின் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து அவர் நில் என்றால் வண்டி நிற்கிறது.

தம்பியோடு அவருக்குச் சண்டை இல்லை. அவன் வீட்டுக்குப் போனால், "வா தம்பி, உக்காரு" என்கிறார். தெருவில் எல்லாரும் அவனை இன்னும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணன் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை.