முதல் காயில்

மூன்றாவது முறையும் அந்த மோட்டார் எரிந்து வந்தபோது, ஓசூர் வைண்டிங் கடையில் நூருல்லாவும் மாதப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் கூட்டாளிகள். செம்புக் கம்பி வாங்குவது நூருல்லா, அதை மோட்டாருக்குள் காயில் காயிலாகச் சுற்றுவது மாதப்பன்.

மோட்டார் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனியுடையது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க அங்கே புதிதாக டிரைவ் மாட்டியிருந்தார்கள். வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மாதப்பன் மூடியைக் கழற்றினான். மற்ற காயில்களெல்லாம் புதுசாக மினுங்கின. கரண்ட் நுழையும் முதல் காயிலில் மட்டும் மிளகளவு கருப்பு ஓட்டை.

“கம்பி சரியில்ல பாய். பெங்களூர்ல எவன்கிட்ட வாங்கின?”

“சாராயம் குடிச்ச கையால கம்பியக் குத்தித் தள்ளுனா மேல் பூச்சு எனாமல் உரியாம என்ன பண்ணும்?”

“எவன்டா குடிச்சான்?”

“உன் பொண்டாட்டி செல்லியக் கேளு, சொல்லுவா.”

மாதப்பன் கையிலிருந்த இரும்பு மூடியை வீசினான். நூருல்லாவின் பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். இருவரும் கம்பிச் சுருள்கள் மேல் கட்டிப் புரண்டார்கள். மாதப்பன் அவன் கழுத்தை நெரித்தான். கண் இருண்டு வந்த நேரத்தில் நூருல்லாவின் கைக்குச் சுத்தியல் அகப்பட்டது. விலாவில் ஒரு அடி போட்டான். பிடியை விட்ட மாதப்பன் எழுந்திருக்க மோட்டாரின் விளிம்பைப் பற்றினான். அந்த வலது கையின் மேல் நூருல்லா ஓங்கி இறக்கினான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகும் அடித்தான். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் வந்துதான் அவனை இழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். போலீசிடம் மாதப்பன், “மோட்டார் விழுந்துருச்சு சார்,” என்றான். செல்லியிடம் மட்டும், “அவன நான் பாத்துக்கறேன்,” என்றான்.

கை ஆறுவதற்குள் கம்பெனியிலிருந்து நூருல்லாவைக் கூப்பிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த டிரைவ் இன்ஜினியர் நாராயணப்பன் கேபிளைக் காட்டினார். டிரைவ் இருந்தது ஷெட்டின் அந்தக் கோடியில், மோட்டார் இந்தக் கோடியில்.

“டிரைவ் கரண்ட வெட்டி வெட்டி அனுப்புது. கேபிள் இவ்ளோ நீளமா இருந்தா, வோல்டேஜ் மோட்டார்ல போய் மோதி ரெண்டு மடங்கா எகிறும். மொத காயில்தான் அடி வாங்கும். அத அடக்க டிரைவ் பக்கத்துல சோக் போடணும். வைண்டிங்கும் இதுக்குன்னு வர்ற கம்பில, நடுவுல இன்சுலேஷன் பேப்பர் கூட்டிப் போட்டு சுத்தணும்.”

“அப்ப சுத்துன கை மேல தப்பில்லையா சார்?”

“யார் சுத்தியிருந்தாலும் எரிஞ்சிருக்கும்.”

நூருல்லா நேராக மத்திகிரிக்குப் போனான். மாதப்பனின் வாடகை வீட்டு வாசலில் செல்லி விறகு பிளந்துகொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையோடு மாதப்பன் உட்கார்ந்திருந்தான். நூருல்லா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

“உன் மேல தப்பில்ல மாதப்பா. என் கம்பி மேலயும் இல்ல.”

மாதப்பன் இடது கையால் ஒரு விறகுக்கட்டையை எடுத்தான். முதல் அடியில் நூருல்லாவின் தோள் எலும்பு முறிந்தது. அடுத்த அடியில் அவன் மண்டியிட்டான். தடுக்கக் கையைத் தூக்கவில்லை. செல்லி ஓடிவந்து கட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

“விடுய்யா! செத்துருவான்!”

“தெரிஞ்சு என்னடா பண்றது?” என்றான் மாதப்பன். “விரலு மொளைக்குமா?”

செல்லிதான் நூருல்லாவைத் தூக்கி நிறுத்தி ஆட்டோவில் ஏற்றினாள். மாதப்பன் வாசலிலேயே நின்றான், கட்டையைக் கீழே போடாமல்.