பரஸ்பர சம்மதம்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பட்டறைக்குள் பசை நெடி நெஞ்சை அடைத்தது. வெலிச்கா தோலை மடித்து ஊசிக்கடியில் தள்ளினாள். காலணியின் மேல்தோல் தைக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி, இதே வளைவு. கை தன்பாட்டுக்கு ஓடியது. அவளுக்குப் பின்னால் நான்காவது வரிசை முழுக்க வெற்றுத்தரை. நேற்று பன்னிரண்டு இயந்திரங்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். திருகாணி பிடுங்கிய ஓட்டைகள் பல் விழுந்த ஈறு போல் கிடந்தன. லாரி இன்றும் முற்றத்தில் வந்து நிற்கிறது.

"ரிப்பேருக்குப் போகுதாம்க்கா," என்றாள் பக்கத்து இயந்திரத்து ஸ்தெலா.

"பன்னெண்டு மெஷினுக்கும் ஒரே நாள்லயா காய்ச்சல் வரும்?" முன்வரிசை ஃபிதான்கா திரும்பினாள். "அல்பேனியாவுக்குப் போகுதுடி. அங்க நம்மளவிட மலிவா கை கிடைக்குதாம்."

ஏழரைக்கு பெர்த்தோல்தி வந்தான். முதலாளியின் மருமகன். இத்தாலியிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வந்ததும் செய்த முதல் வேலை, பல்கேரிய மொழி தெரிந்த பழைய மேலாளரை அனுப்பியது. கையில் காகிதக் கட்டு. நாற்பத்திரண்டு பெண்களுக்கும் நாற்பத்திரண்டு தாள், ஒரே வாசகம்: 'பரஸ்பர சம்மதத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.'

"கையெழுத்து போடு. வேலைப் புத்தகம் வாங்கு. வீட்டுக்குப் போ," என்றான் கற்றுக்கொண்ட அரைகுறைப் பேச்சில். "கையெழுத்து இல்ல, புத்தகம் இல்ல."

"போட்றாதீங்கடி," ஃபிதான்கா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "பட்டறையை மூடுறோம்னு அவன் எழுதினா முன்னறிவிப்புச் சம்பளம் உண்டு, மூடினதுக்கு நஷ்டஈடு உண்டு. நாமளே சம்மதிச்சுப் போறோம்னு எழுதிட்டா வெறுங்கைதான்."

கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பதற்குப் பெயர் சம்மதம்!

வெலிச்காவுக்கு ஐம்பத்தொரு வயது. வீட்டில் நெஞ்சுவலிக்காரப் புருஷன். விறகு வாங்காத குளிர்காலம் வாசலில் நிற்கிறது. அந்தப் பணம் வந்தால் இந்தக் குளிரைத் தாண்டலாம். வராவிட்டால்? பத்தொன்பது வருட வேலையும் பதிந்த புத்தகமோ அவன் இரும்பு அலமாரியில். அது இல்லாமல் வேலையற்றோர் அலுவலகத்தில் பெயர்கூடப் பதிய முடியாது.

அவன் நேராக அவளிடம்தான் வந்தான். பயந்தவளை முதலில் பிடிப்பது முதலாளிக் கூட்டத்தின் பழைய தொழில்.

"வெலிச்கா. சம்மதம்?"

அவள் தோலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தலை மட்டும் தானாக ஒருமுறை மேலே வெட்டிக் கீழே இறங்கியது.

இந்தப் பல்கேரிய ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த பாஷை அது. பக்கவாட்டில் ஆட்டினால் 'சரி'. மேலும் கீழும் ஆட்டினால் 'மாட்டேன்'.

"பிராவா!" என்றான் பெர்த்தோல்தி. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டான். "பாருங்க! வெலிச்கா நல்ல பெண்!"

எங்கோ ஒருத்தி களுக்கென்றாள். அவன் ஸ்தெலாவிடம் நகர்ந்தான். அவளும் மேலும் கீழுமாக ஆட்டினாள், கண்ணில் நீர் முட்ட. ஃபிதான்கா கழுத்து சுளுக்கும் அளவுக்கு ஆட்டினாள். வரிசை வரிசையாக நாற்பத்திரண்டு தலைகள். குறி போட்டுப் போட்டு அவன் முகம் மலர்ந்துபோயிற்று. தாள்களை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்து வைத்தான்.

ஒருத்தியும் எழுந்து வரவில்லை.

"நீங்க ஆம் சொன்னீங்க! எல்லாரும்! நான் எழுதினேன்!"

"எழுதினது நீங்க. நாங்க சொன்னது மாட்டேன்," என்றாள் ஃபிதான்கா. "மூணு வாரமா எங்க உழைப்புல உக்காந்து தின்னீங்களே முதலாளி, நாங்க 'மாட்டேன்'னு எப்படித் தலையாட்டுவோம்னு யாரையாவது கேட்டீங்களா?"

அவன் முகம் வெளுத்துச் சிவந்தது. "புத்தகம் கிடையாது! மெஷின் போகுது! இப்பவே!" முற்றத்தைப் பார்த்துக் கத்தினான்.

லாரிக்காரன் கிரோவும் இரண்டு சுமைக்காரர்களும் திருகுசாவியோடு வந்தார்கள். முதலில் வெலிச்காவின் இயந்திரம்.

"எந்திரிங்கக்கா. எனக்கும் பொழப்பு இருக்கு," என்றான் கிரோ அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெலிச்கா எழுந்திருக்கவில்லை. இயந்திரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள். இந்தமுறை வாயால்.

அவளைச் சுற்றி நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருத்தியும் தன் இயந்திரத்தின் மேல், அது போய்விட்டவள் பக்கத்தவளின் இயந்திரத்தின் மேல், கவிழ்ந்தாள். கிரோ சாவியைத் தொங்கவிட்டு நின்றான். "பொம்பளைங்களோட சேர்த்து ஏத்தச் சொல்லி யாரும் கூலி பேசலையே," என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் புகைபிடிக்க ஆரம்பித்தான். பெர்த்தோல்தி அலுவலக அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

ஃபிதான்கா தொழிலாளர் ஆய்வாளரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள். "திங்கக்கிழமை வந்து பாக்குறாராம்."

"இன்னிக்கு வியாழன்!" ஸ்தெலாவின் குரல் உடைந்தது. "அதுவரைக்கும்? போலீஸைக் கூப்பிட்டா? எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்ன, பாடவா தோணுது?" வெலிச்கா அவள் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல கம்பளி எத்தனை?"

"மூணு."

"ரெண்டை இங்க கொண்டாரச் சொல்லு."

"எங்க வீட்ல நாலு!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.