வியாழக்கிழமை இருபத்திரண்டு கிலோமீட்டர்

விசாரணை அறையில் முப்பது நாற்காலிகள்தான் போட்டிருந்தார்கள். பதினொரு குடும்பங்கள் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கின்றன, அம்மா அப்பா, மாமா அத்தை என்று வந்தால் முப்பது எந்த மூலைக்கு என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்குப் போட்டு வேலை செய்கிறவர்களாக இருந்திருந்தால் விசாரணையே வந்திருக்காதே. பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். அவர்களோடு ஒருவராக நின்றார் சுகாதார அதிகாரியின் ஜீப் ஓட்டுநர். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான்.

அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மனுக் கட்டு. அவளுக்கு அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை. மகள் போய் நான்கு மாதமாக, வேலை முடிந்ததும் பதினொரு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். எந்தப் பிள்ளை எந்தக் குழாயில் தண்ணீர் குடித்தது, முதல் வாந்தி என்றைக்கு, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவர் வாயாலும் கேட்டு எழுதினாள். எழுதியதை ஒன்பது பிரதி எடுத்துத் தடித்த நூலால் தைத்தாள்.

"ஸ்டேப்ளர் பின் அடிச்சுக் குடுத்தா நடுவுல ரெண்டு பக்கம் காணாமப் போயிடும். இதை உருவணும்னா மொத்தத்தையும் கிழிக்கணும்," என்றாள்.

அவள் தைக்கத் தைக்க நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஓட்டுநர்தான். அப்படி ஒரு நாள் அவள் கேட்டாள்: "அந்த வியாழக்கிழமை உங்க சார் தொட்டிக்குப் போனாரா, இல்லையா? உங்களுக்குத் தெரியாம இருக்காதே."

"வண்டி எங்க போச்சுன்னு லாக் புக்ல இருக்கு," என்றார் அவர். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, புருஷனை நம்பினாள்.

விசாரணையே அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. மேல்நிலைத் தொட்டியில் கிருமி கொல்லும் மருந்து சொட்டுச் சொட்டாக விழ ஒரு இயந்திரம் உண்டு. அதிகாரி வியாழன்தோறும் போய், சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைச் சொட்டு விட்டு, அது மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால் மருந்து இல்லை, அந்த நிமிடமே தண்ணீரை நிறுத்த வேண்டும். பத்து நிமிட வேலை. காவலாளி கிடையாது, தொட்டி அறைச் சாவி அதிகாரியிடம்தான். மருந்து தீர்ந்தது வியாழனுக்கு முன்பா பின்பா என்று யாருக்கும் தெரியாது. சாக்கடை உடைந்து குழாயில் கலந்ததும், ஞாயிற்றுக்கிழமை முதல் பிள்ளை சுருண்டு விழுந்ததும் தெரியும். ஓட்டுநரின் மகள் திங்கள் காலை விழுந்தாள், புதன் மாலை போய்விட்டாள். ஒன்பது வயது. வாய் ஓயாத பிள்ளை என்பதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். கடைசி ஒரு நாள் அவள் பேசவே இல்லை.

பதினொன்றும் போன பிறகு லாரி லாரியாக மருந்து வந்து இறங்கியது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதற்கு யாராவது பரிசு கொடுத்தால் அந்தச் சுகாதாரத் துறைக்குப் போட்டியே இருக்காது.

காலையில் அதிகாரி சாட்சி சொன்னார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற, தணிந்த குரல்காரர். "வியாழன் பதினோரு மணிக்குப் போனேன். தண்ணி மஞ்சளா மாறுச்சு. அப்புறம் மருந்து தீர்ந்திருந்தா அது என் கையில இல்லை. வண்டியோட லாக் புக் இருக்கு, பாத்துக்கங்க."

பார்த்தார்கள். அலுவலகத்திலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து அலுவலகம், இருபத்திரண்டு கிலோமீட்டர். கீழே ஓட்டுநர் கையெழுத்தும் அதிகாரி கையெழுத்தும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அலுவலகத்தில் அது ஒன்றுதான் உதவும்.

மதிய இடைவேளையில் மாடிப்படித் திருப்பத்தில் அதிகாரி அவரைப் பிடித்தார்.

"அடுத்தது உன்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒண்ணும் சொல்லாத."

"சார்..."

"என்னைக் காப்பாத்தச் சொல்லலப்பா. உன் சம்சாரம் முன்னாடி உக்காந்திருக்கு. அதுக்குத் தெரிஞ்சா தாங்குமா? யோசிச்சுப் பாரு."

கண் கலங்கித்தான் சொன்னார். அந்த மனிதர் தன்னைப் பார்த்து இரங்குகிறாரா, அவருடைய பென்ஷனைப் பார்த்து இரங்குகிறாரா என்று ஓட்டுநருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருவேளை அதிகாரிக்கே தெரியாமல் இருக்கலாம். பதினாலு வருடமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறவர் இவர். டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதியை இவர் பக்கம் தள்ளாமல் சாப்பிடாத மனிதர் அவர்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓட்டுநர் போய் நின்றார். விசாரணை நடத்திய நீதிபதியம்மா லாக் புக்கைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாம்மா."

"எழுதினபடி வண்டி தொட்டிக்குப் போச்சா?"

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க, சொல்லி அந்த ஆளை மாட்டிவிடுங்க என்று கேட்கிற பார்வை. நான்கு மாதத்தில் அவள் முகத்தில் அவர் பார்த்த முதல் வெளிச்சம் அதுதான். அதை அணைக்கப் போவது தான்தான் என்று தெரிந்தேதான் அவர் வாயைத் திறந்தார்.

"போகலைம்மா."

அறை இரைந்தது. யாரோ ஒரு தகப்பன் சுவரில் ஓங்கி அறைந்தான். நீதிபதியம்மா மேசையைத் தட்டி அடக்கிவிட்டுக் கேட்டார்: "அப்போ வண்டி எங்க போச்சு?"

"ஸ்கூலுக்கு."

"எந்த ஸ்கூல்?"

"என் பொண்ணு படிச்ச ஸ்கூல். அன்னிக்கு விளையாட்டு விழா. அவ ஓட்டப் பந்தயத்துல ஓடுறா, நீ வந்தே ஆகணும்னு ஒரு வாரமா என்னைப் புடுங்கிட்டு இருந்தா. இருக்கிறது நான் ஒரு டிரைவர். லீவு போட்டா வண்டி நிக்கும். சார் கிட்ட ஒரு மணி நேரம் கேட்டேன். அவருதான், 'தொட்டி எங்கேயும் ஓடிப்போகாது, புள்ள வயசுதான் ஓடிப்போயிரும். வண்டியை ஸ்கூலுக்கு விடு, நானும் கை தட்டுறேன்'னாரு. ரெண்டு பேரும் போனோம். விழா முடிய நேரமாச்சு, அதோட தொட்டியை விட்டுட்டோம். நாங்க வந்ததை அம்மாகிட்டக்கூடச் சொல்லாதன்னு புள்ளகிட்டச் சொல்லிட்டு, சாயந்தரம் நான் லாக் புக் எழுதினேன். அவரு கையெழுத்துப் போட்டாரு."

அதிகாரி எழுந்து நின்றார். "உண்மைதான்," என்றார். "அதுக்கு முந்தின வாரமே தண்ணி நாறுதுன்னு ரெண்டு புகார் வந்துச்சு. அதையும் நான் பிரிச்சுப் பார்க்கலை." உட்கார மறந்து அப்படியே நின்றார். பத்து நிமிட வேலையைச் செய்திருந்தால் அந்த மனிதரை ஊரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். நல்ல மனசு இருந்தது, யார் இல்லை என்றது? நல்ல மனசைக் கரைத்து ஊற்றினால் தொட்டியில் கிருமி சாகாது.

"மனுதாரர் தரப்புல ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

மனைவி எழுந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது அவள் கதை. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"மனுவோட கடைசிப் பக்கத்துல பொறுப்பாளிங்கன்னு நாலு பேரை எழுதியிருக்கோம். அஞ்சாவதா இவரைச் சேர்த்துக்கங்க."

"இவர் உங்களுக்கு...?"

"செத்துப்போன புள்ளையோட அப்பா."

எழுத்தர் எழுதலாமா என்று நீதிபதியம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஒன்பது பிரதியிலும் எழுதும்வரை மனைவி உட்காரவில்லை. ஓட்டுநரும் நகரவில்லை. அவள் செய்தது சரி என்றுதான் அவருக்குப் பட்டது. சரியாக இருந்தால் வலிக்காதா என்ன? நெஞ்சைப் பிளந்துகொண்டு வலித்தது.

அதிகாரியை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள், ஓட்டுநரையும்தான். ஜீப் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. வாசற்படியில் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் இரண்டு படி தள்ளி நின்றார்.

அவள் தெருவைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு பஸ் வந்து நின்று போனது. திட்டுவாள், இனி வீட்டுக்கு வராதே என்பாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"எனக்கு அன்னிக்கு அச்சகத்துல லீவு குடுக்கலை," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"எப்படி ஓடினா?"

"நல்லாத்தான் ஓடினா. பாதி தூரம் வரைக்கும் அவதான் முன்னாடி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைப் பார்த்துட்டா. அப்பா வந்துட்டாருன்னு கத்திக்கிட்டே கையை ஆட்டினா. அதுக்குள்ள மத்த புள்ளைங்க முந்திட்டுப் போயிருச்சு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகளைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவள், அந்தப் படியில் ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். ஓட்டுநர் கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "முதல்லேர்ந்து."